கைதட்ட மட்டும் அனுமதி

போன வாரம் டீச்சரை ஏரிக்கரையில், கழுத்து வரை கறுப்பு ரப்பர் உடையோடு, ஆயிரம் பேருக்கு நடுவில் நிறுத்திவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாகக் குளிரில் நிற்கிறாள். இதோ ஹாரன் ஒலித்துவிட்டது. குதித்துவிட்டாள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. டீச்சர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுப்பவள். நாற்பது வயதில் நீச்சல் கற்றுக்கொள்ளப் போனாள். அதோடு நின்றிருக்கலாம், நிற்கவில்லை. இன்று ஒரே நாளில் ஏரியில் கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் நீந்தி, கரையேறி நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். படிக்கும்போதே நமக்குக் கால் வலிக்கிறது.

போன வருஷமும் வந்தாள். மாலை ஐந்தரைக்குள் சைக்கிளைக் கொண்டுவந்து சேர்க்காதவர்களுக்கு முன்னால் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டிவிடுவார்கள். அந்தக் கயிறு டீச்சரின் கண்ணெதிரே, முன்சக்கரத்துக்கு இரண்டடி முன்னால் கட்டப்பட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் கயிறு என்ற சொல்லே கிடையாது. துணி காயப்போடும் கயிறு அறுந்தால்கூட, "மாடியில அது அறுந்துபோச்சு" என்றுதான் சொல்வார்கள்.

கரையில் இப்போது மூன்று பேர் நிற்கிறார்கள். டீச்சரின் கணவர் கண்ணாடிக் கடைக்காரர். கண் சோதிப்பது, லென்ஸ் தேய்ப்பது, மூக்கில் மாட்டி காதில் சரிசெய்வது எல்லாம் அவர் ஒரே ஆள்தான். பக்கத்தில் பதினாறு வயது மகள், பட்டாசு. பெயர்க்காரணம் அவள் வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். கொஞ்சம் தள்ளி, மடக்கு நாற்காலியில், நாத்தனார்.

நாத்தனார் என்றால் கணவரின் அக்கா. வாகன இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரிக்கும் அதிகாரி. நொறுங்கிய வண்டியைத் தவிர வேறு வண்டியைப் பார்த்தறியாதவள். "கார் ஓட்ட ஒரு ஆள் வேணும்ல" என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்வதற்காகத்தான் வந்திருக்கிறாள் என்பது பட்டாசின் கட்சி.

"போன வாரம்கூட ஒரு சைக்கிள் கேஸ்" என்று ஆரம்பித்தாள் நாத்தனார். "நல்ல ரோடு, பட்டப்பகல், பிரேக்கும் புதுசு. ஆனாலும் பாரு..."

"அத்தை, அம்மா இப்ப தண்ணியில இருக்காங்க. சைக்கிள் கேஸை அப்புறம் சொல்லுங்க."

"தண்ணி கேஸும் இருக்குடி."

கண்ணாடிக் கடைக்காரர் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தார். ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில் ஏதோ நெஞ்சைக் குத்தியது. கையை விட்டார். கை வெளியே வந்தபோது அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"அப்பா, ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

அவர் கையில் டீச்சரின் கண்ணாடி இருந்தது. சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் என்றே இரண்டு வாரம் உட்கார்ந்து அவரே தேய்த்த கண்ணாடி. இந்நேரம் அது சைக்கிள் பையில், டப்பாவுக்குள் இருக்க வேண்டும். டப்பா அங்கேதான் இருந்தது. நேற்று மாலை போட்டிக்கான பைகளை நடத்துபவர்களிடம் ஒப்படைக்கிற வரிசையில் நின்றபோது லென்ஸில் ஒரு விரல்ரேகை தெரிந்தது. அவருக்குப் பொறுக்குமா? எடுத்துத் துடைத்தார். அந்த நேரம் பார்த்து, "டேய், காரை எங்கடா நிறுத்துறது?" என்று அக்கா கூப்பிட்டாள். துடைத்த கண்ணாடியைப் பாக்கெட்டில் போடுவது இருபது வருஷக் கடைப் பழக்கம். கை தானாகப் போட்டது. காலி டப்பாவை டக்கென்று மூடி, மிகவும் பத்திரமாகப் பையில் வைத்தார்.

டீச்சருக்குப் பவர் மைனஸ் ஏழரை. கண்ணாடி இல்லாவிட்டால் பீரோவைப் பார்த்து "எப்ப வந்தீங்க?" என்று கேட்பாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். கண்ணாடிக்காரர் கையில் கண்ணாடியோடு நின்றார். அவர் மனைவி கண்ணாடியில்லாமல் ஏரியில் இருந்தாள்.

"இப்ப போட்டிருக்கிறது?" என்று கேட்டாள் நாத்தனார்.

"அது நீச்சலுக்குக் கட்டுற ரப்பர் கண்ணாடி. கடையில ரெடிமேடா வர்ற பவர். பார்வைக் கோணலைச் சரிபண்ற சிலிண்டர் பவர் கிடையாது. தண்ணிக்கு அது போதும்னு நான்தான் சொன்னேன்."

சொல்லிக்கொண்டே ஓடினார். வேலிக்கு அந்தப் பக்கம், விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டு, ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஓர் உயரமான பெண்மணி நின்றாள். தலைமை நடுவர். கண்ணாடிக் கடைக்காரர் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"வெளியாள் கையிலேருந்து எது வாங்கினாலும் அவங்க போட்டியில இல்ல, சார். கண்ணாடியா இருந்தாலும் சரி, கர்சீப்பா இருந்தாலும் சரி."

"நான் வெளியாள் இல்லீங்க. புருஷன்."

"இன்னிக்கு நீங்க வெளியாள்தான்."

"நீங்களே உங்க கையால குடுத்துடுங்களேன்."

"ஒருத்தருக்குக் குடுத்தா ஆயிரம் பேருக்குக் குடுக்கணும். அவங்க உள்ள இருக்கிற வரைக்கும் குடும்பத்துக்கு ஒரே வேலைதான். கைதட்டலாம்."

"அவ்வளவுதானா?"

"நல்லா சத்தமா தட்டலாம்."

அவள் குரலில் கடுமை இல்லை. கடுமையாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

டீச்சர் கரையேறியதை அவர்கள் தூரத்திலிருந்துதான் பார்த்தார்கள். தள்ளாடிக்கொண்டு உடை மாற்றும் கூடாரத்துக்குள் போனாள். உள்ளே அவள் பையைத் திறப்பாள், டப்பாவை எடுப்பாள், டப்பாவைத் திறப்பாள். கண்ணாடிக் கடைக்காரருக்கு அதற்குமேல் நினைக்கத் தைரியம் இல்லை.

"வந்துடுவா" என்றாள் நாத்தனார். "போதும்னு சொல்லிட்டு வந்துடுவா. கண்ணு தெரியாம நூத்தெண்பது கிலோமீட்டர் யாராவது ஓட்டுவாங்களா? தப்பே இல்ல. ஏதாவது வாங்கிக் குடுத்து கூட்டிட்டுப் போவோம்."

ஒவ்வொருவராக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஐம்பது பேர், நூறு பேர். எல்லார் முகத்திலும் வளைந்த, பளபளக்கும் கறுப்புக் கண்ணாடி.

அப்புறம் அவள் வந்தாள். தலையில் ஹெல்மெட். ஹெல்மெட்டுக்குக் கீழே, இரண்டு கண்ணையும் கவ்விப் பிடித்தபடி, அதே ரப்பர் நீச்சல் கண்ணாடி.

வேலியோரத்தில் யாரோ சிரித்தார்கள். "யாருப்பா அது, சைக்கிள்லயே நீந்தப் போறாங்க!" என்று ஒரு குரல் வந்தது. கண்ணாடிக் கடைக்காரர் அந்தச் சிரிப்பையெல்லாம் தாண்டிக் கத்தினார்.

"டீச்சர்! அதுல சிலிண்டர் இல்ல! கோடெல்லாம் ரெண்டா தெரியும்!"

டீச்சர் திரும்பாமலே கத்தினாள். "தெரியுது! ரெண்டுக்கும் நடுவுல போய்க்கிறேன்!"

ஏறி மிதித்துவிட்டாள். சிரித்தவர்களே முதலில் கைதட்டினார்கள். பட்டாசு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக, பேச ஒன்றும் இல்லாமல் நின்றாள்.

சைக்கிள் பாதை மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பெரிய மேடு உண்டு. மேட்டின் உச்சியில் ஒரு பெட்ரோல் பங்க். வேறு ரோடு வழியாகக் காரை அங்கே கொண்டுபோய் நிறுத்திக் காத்திருந்தார்கள்.

காத்திருந்த நேரமெல்லாம் கண்ணாடிக் கடைக்காரர் புலம்பினார். தொழில் தெரிந்தவனுக்குப் பயமும் கூடுதல்.

"மேடு ஏறும்போது வேகம் குறையும். காத்து இருக்காது. வேர்க்கும். உள்ள ஆவி படியும். ஓரம் எதுவுமே தெரியாது. பக்கத்துல லாரி வந்தாக்கூட..."

"லாரி வராது அப்பா, ரோட்டை மூடியிருக்காங்க."

"பள்ளம் வருமே."

பத்தொன்பது வருஷமாக டீச்சர் பார்த்த எல்லாமே அவர் கைவழியாகப் பார்த்ததுதான். கல்யாணத்துக்கு முன்னால் பவர் தப்பான ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தவள் அவள். அவர் மாற்றிக் கொடுத்தார். 'நான் இல்லைன்னா இவளுக்குத் தெருவைத் தாண்டத் தெரியாது' என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அந்த நினைப்பில் ஒரு சுகம் இருந்தது உண்மை.

முதல் சுற்றில் டீச்சர் மேட்டில் தெரிந்தாள். கண்ணாடி இரண்டும் வெள்ளையாக மூடியிருந்தது. ஒரு கையை விட்டு, கண்ணாடியைத் தூக்கி, உள்ளே எச்சில் துப்பித் தேய்த்து மறுபடி கவ்வவிட்டாள். சைக்கிள் ஒரு முழம் அந்தப் பக்கமும் ஒரு முழம் இந்தப் பக்கமும் ஆடியது. வலப்பக்கம் ரோட்டை ஒட்டி வாய்க்கால்.

அவருக்குப் பொறுக்கவில்லை. பார்க்க ஒருவரும் இல்லை. கொடுக்க அரை நொடி போதும். கண்ணாடியை நீட்டியபடி ரோட்டில் இறங்கிவிட்டார்.

"அப்பா!"

"கிட்ட வராதீங்க!" டீச்சரின் குரல் மேட்டையே அதிரவைத்தது. வகுப்பறையின் கடைசி பெஞ்சுக்குப் போகிற குரல் அது. "அங்கயே நில்லுங்க! கையை மடக்குங்க!"

அவரைத் தவிர்க்க சைக்கிளை வலப்பக்கம் ஒடித்தாள். சக்கரம் வாய்க்காலின் விளிம்பு மண்ணில் ஏறி, சறுக்கி, எப்படியோ திரும்ப ரோட்டுக்கு வந்தது. போய்விட்டாள். அவளுக்குப் பின்னால், வளைவில் திரும்பி ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அதில் இருந்த நடுவர் ரோட்டின் நடுவே கையை நீட்டிக்கொண்டு நிற்கும் மனிதரை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. பட்டாசு அப்பாவின் ஜாக்கெட்டைப் பிடித்து ஓரமாக இழுத்துவந்தாள். கண்ணில் நீர்.

"அவங்க வாங்கியிருந்தா இதோட முடிஞ்சுது அப்பா. உங்களுக்குப் புரியலயா? அவங்க உங்ககிட்ட கோவப்படல. உங்ககிட்டேருந்து தப்பிச்சு ஓடினாங்க."

அவர் கண்ணாடியை உள்பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். நாத்தனார் 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. வாய்க்கால் விளிம்புக்குப் போய், குனிந்து, மண்ணில் இருந்த சக்கரத் தடத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

இரண்டாவது சுற்றில் டீச்சர் வந்தபோது இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ரத்தம். பட்டாசு அலறினாள். இந்த முறை கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நாத்தனார் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து, கண்ணைச் சுருக்கி, தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"பயப்படாத. வேகமே இல்லாதப்போ விழுந்திருக்கா" என்றாள். "இடப்பக்கம். போட்டி நடத்துறவங்க தண்ணி பாட்டில் நீட்டுற இடத்துல விழுந்திருப்பா. எவ்வளவு தூரத்துல பாட்டில் இருக்குன்னு தெரிஞ்சிருக்காது. ஹேண்டில் நேரா இருக்கு. எலும்பு இல்ல, தோல்தான்."

"எப்படி அத்தை தெரியும்?"

"எத்தனை பார்த்திருக்கேன்." குரல் மாறிச் சொன்னாள். "ஆனா இது பார்த்ததில்லடி. விழுந்தவங்க எல்லாம் வண்டியை அப்படியே போட்டுட்டு நிப்பாங்க. போட்டோ எடுக்கணும், யார் தப்புன்னு சொல்லணும், நாலு பேரைக் கூட்டணும். விழுந்துட்டு, யாரையும் ஒரு வார்த்தை சொல்லாம, ஏறி ஓட்டுற ஆளை என் சர்வீஸ்ல நான் பார்த்ததே இல்ல."

டீச்சர் மேட்டின் அந்தப் பக்கம் இறங்கி மறையும் வரை நாத்தனார் உட்காரவில்லை.

மாலை ஐந்தேகாலுக்கு மூன்று பேரும் மறுபடி ஏரிக்கரையில். வேலியில் இடம்பிடித்துக்கொண்டார்கள். ரோட்டின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. ஐந்தரைக்குள் அதை அடைய வேண்டும். கோட்டுக்கு முன்னாலேயே சைக்கிளிலிருந்து இறங்கிவிட வேண்டும். ஏறிய நிலையில் சக்கரம் கோட்டைத் தொட்டால் தண்டனையாக ஓரமாக நிறுத்திவைப்பார்கள், அதற்குள் கயிறு வந்துவிடும். கயிற்றோடு ஒரு பையன் ஏற்கெனவே தயாராக நின்றான். பட்டாசு அவனை முறைத்த முறைப்பில் அவன் கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

ஐந்து இருபத்தைந்துக்கு ரோட்டின் கோடியில் டீச்சர் தெரிந்தாள். பட்டாசு துள்ளினாள். ஆனால் டீச்சர் வரவில்லை. சைக்கிளை நிறுத்தி, இறங்கி, தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

"ஏன் இறங்கிட்டாங்க? இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு! அப்பா, ஏன் நடக்கிறாங்க?"

அவருக்குப் பார்த்த உடனே விளங்கிவிட்டது. மேற்கு வெயில் நேராக அவள் முகத்தில். ரோட்டின் இரண்டு பக்கமும் சிவப்புத் துணி விளம்பரங்கள். அவளுக்கு எல்லாமே சிவப்பாகக் கரைந்து தெரியும். கோடு எங்கே என்று தெரியாமல், எதற்கு வம்பென்று முன்கூட்டியே இறங்கிவிட்டாள். பெடலில் மாட்டிக்கொள்ள அடியில் இரும்புக் கட்டை வைத்த அந்த சைக்கிள் ஷூவில் அவள் நடந்து வந்து சேர்வதற்குள் ஐந்தரை ஆகிவிடும்.

கண்ணாடிக் கடைக்காரர் கடையில் குரல் உயர்த்தியதில்லை. வீட்டிலும் இல்லை. இப்போது கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி, சிவப்புக் கோட்டுக்கு நேராக வேலியில் போய் நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"டீச்சர்! ஏறு! ஏறி ஓட்டு!"

அவள் தலையைத் தூக்கினாள். "கோடு எங்க?"

"என் குரல் எங்க இருக்கோ அங்கதான் கோடு! நான் கோட்டு மேலதான் நிக்கிறேன்! குரலுக்கு வா!"

ஒரு நொடி. காலையிலிருந்து அவர் செய்தது எல்லாம் தப்பு. டப்பாவைக் காலியாக அனுப்பியவர், ரோட்டில் குறுக்கே இறங்கியவர். இன்று அவரை நம்ப அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

டீச்சர் ஏறினாள்.

"வா! இன்னும் வா! இன்னும் நிறைய இருக்கு! மிதி! பயப்படாத, மிதி!"

முழு வேகத்தில் வந்தாள். எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாமல், ஒரு குரலைப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். வேலியோரம் முழுக்க அமைதியாகிவிட்டது. அவர் குரலை மறைக்கக் கூடாது என்று யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆரஞ்சு ஜாக்கெட் விசிலை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"கத்தக் கூடாதுன்னு விதி இல்ல!" என்றாள் பட்டாசு. "நான் முழுசா படிச்சிருக்கேன்!"

"மெதுவா! மெதுவா! இன்னும் கொஞ்சம்... இறங்கு!"

இறங்கினாள். முன்சக்கரத்துக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது. விசில் ஊதப்படவில்லை. கயிற்றுப் பையன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினான்.

கண்ணாடிக் கடைக்காரர் வேலியில் சாய்ந்து அழுதார். அவளுக்குத் தான் தேவையே இல்லையோ என்று காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தார். இப்போது அந்தப் பயம் போய், அதைவிடப் பெரிதாக ஒன்று வந்துவிட்டது. இத்தனை வருஷம் யாரோடு குடித்தனம் நடத்தினோம் என்றே தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

சிறிது நேரத்தில் டீச்சர் ஓட்டக்காரியாக வெளியே வந்தாள். நீச்சல் கண்ணாடியைக் கழற்றியிருந்தாள். இரண்டு கண்ணைச் சுற்றியும் ஊதா நிறத்தில் ஆழமான வளையம், கன்னமெல்லாம் வீக்கம். இனி அவளுக்குக் கூட்டம் வெறும் வண்ணம்தான். வேலியருகே வந்ததும் வேகத்தைக் குறைத்தாள்.

"ஏங்க?"

"இங்க இருக்கேன்."

"அண்ணி இருக்காங்களா?"

நாத்தனார் திடுக்கிட்டாள். "இருக்கேன்."

"சுகர் மாத்திரை போடாம நின்னுட்டிருப்பீங்க. காருக்குப் பின்னாடி நீலப் பையில ரொட்டியும் முட்டையும் வெச்சிருக்கேன். சாப்பிட்டு மாத்திரை போடுங்க, அண்ணி."

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். நாத்தனார் கைக்குட்டையைத் தேடினாள். கிடைக்காமல் புறங்கையாலேயே துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஆரஞ்சு ஜாக்கெட் வேலியருகே வந்து நின்றாள். காலையில் இருந்த இளக்கம் முகத்தில் இல்லை.

"சார், மேட்டுல ரோட்டுல இறங்கினது நீங்கதானே?"

"நான்தான்."

"நீங்க ஏதோ நீட்டினீங்க, அவங்க வாங்கிட்டுப் போனாங்கன்னு எங்க மோட்டார் சைக்கிள் நடுவர் சொல்றாரு."

அவர் பதறிக் கண்ணாடியை எடுத்துக் காட்டினார். "இதைத்தாங்க நீட்டினேன். பாருங்க, என்கிட்டதான் இருக்கு. அவ வாங்கல."

"கண்ணாடி இல்லன்னா வேற எதுவாவது இருக்கலாம். அவர் பார்த்தது நீட்டின கையை. அவர் இங்க வர ஒரு மணி நேரம் ஆகும், வந்ததும் முடிவு பண்ணுவோம். அதுவரைக்கும் அவங்க ஓடட்டும்."

"அவளுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

பட்டாசு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் பண்ணிய தப்புக்கு, ஓடிக்கொண்டிருக்கிறவளை நிறுத்தப் போகிறார்களா?

"நான் பார்த்தேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

நாத்தனார் முன்னால் வந்தாள்.

"சக்கரத்துத் தடம் இன்னும் அந்த மண்ணுல இருக்கும், வேணும்னா ஆளை அனுப்பிப் பாருங்க. இவன் நின்ன இடத்துக்கும் அந்தத் தடத்துக்கும் பாதி ரோடு அகலம் தூரம். எந்தக் கையும் எட்டாது. அவ வாங்கல. வாங்கக் கூடாதுன்னு வாய்க்கால்ல விழப் போனா."

"நீங்க யாரு?"

"இவனோட அக்கா."

ஆரஞ்சு ஜாக்கெட் தயங்கினாள். "குடும்பத்து ஆளோட சாட்சியை நாங்க எப்படி எடுத்துக்கறது, மேடம்?"

"எடுத்துக்கலாம்" என்றாள் நாத்தனார். "பத்தொன்பது வருஷமா இந்த வீட்ல அவளுக்கு எதிரா சாட்சி சொல்ற ஒரே ஆள் நான்தான். யாரை வேணும்னாலும் கேளுங்க. இந்தப் பொண்ணைக் கேளுங்க."

"ஆமாங்க" என்றாள் பட்டாசு. "சத்தியமா உண்மை."

ஆரஞ்சு ஜாக்கெட் வேலிக் கதவைத் திறந்தாள். "வாங்க. அவர் வர்றப்போ நீங்களும் இருக்கணும்."

நாத்தனார் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். தூரத்தில், ஏரிக்கரையின் வளைவில், டீச்சர் இந்தப் பேச்சு எதையும் அறியாமல் ஓட்டத்தின் முதல் சுற்றை ஓடிக்கொண்டிருந்தாள்.